கியூப இசையின் வேர்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கியூப இசை பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் அரிதாகவே எழுதப்படும் ஒரு பொருளுக்கு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், ஸ்பெயின் நாட்டுக் கிதாரும் ஆப்பிரிக்க முரசும் சேர்ந்ததால் பிறந்த இசை என்று அக்கட்டுரை முழு வரலாற்றையும் ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரி பொய்யன்று. உலகெங்கும் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். எனினும் அது சொல்வது சிறிது, மறைப்பது பெரிது. ஆப்பிரிக்காவின் எந்தெந்த மக்கள், ஸ்பெயினின் எந்தப் பகுதியினர், எந்த நூற்றாண்டில், எந்த ஊரில், எந்தத் தடைகளுக்கிடையே இந்த இசையை ஆக்கினார்கள் என்ற கேள்விகளைத் தொடாமல் கியூப இசையின் வேர்களைப் பற்றிப் பேச முடியாது. அவற்றுக்கான விடைகளில் ஒரு பகுதியையேனும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

காலத்திலிருந்து தொடங்குவதே முறை. 1791இல் பிரெஞ்சுக் குடியேற்றமான சான் தொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804இல் ஹைத்தி என்ற விடுதலை நாட்டை நிறுவியபோது, ஐரோப்பாவுக்குச் சர்க்கரை வழங்கிவந்த மிகப் பெரிய தோட்டப் பொருளாதாரம் சரிந்தது. அந்த இடத்தைப் பிடிக்கக் கியூபாவின் கரும்புத் தோட்ட முதலாளிகள் விரைந்தார்கள். கரும்புக்கு நிலம் மட்டும் போதாது, ஆட்களும் வேண்டும். கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 8 லட்சம் ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் 1790க்குப் பிறகு வந்திறங்கியவர்களே. பிரிட்டனோடு 1817இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஸ்பெயின் அடிமை வணிகத்தை 1820 முதல் தடை செய்தது. ஆனால் தடை ஏட்டில் இருந்தது, கப்பல்கள் 1860கள் வரை கள்ளத்தனமாக வந்துகொண்டே இருந்தன. அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1886இல்தான்.

இந்தத் தாமதம் இசைக்கு எவ்வளவு முக்கியம் என்பது பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது, ஆப்பிரிக்காவிலேயே பிறந்து அங்கேயே தாய்மொழியும் தாளமும் கற்ற முதியவர்கள் கியூபாவில் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் நேரடியாகக் கற்ற பேரப்பிள்ளைகள், இசைத்தட்டும் வானொலியும் வந்த காலத்தில் இளைஞர்களாக இருந்தார்கள். எனவே கியூபாவில் ஆப்பிரிக்க மரபு என்பது மங்கிப்போன பழைய நினைவாக அல்லாமல், பாடல் வரிகளும் முரசுப் பாடங்களும் நோன்பு முறைகளும் சிதையாத ஒரு கல்வியாகக் கைமாறியது.

அந்தக் கல்விக்குப் பள்ளிக்கூடங்களும் இருந்தன. ஒரே இனக்குழுவைச் சேர்ந்த ஆப்பிரிக்கர்கள் ஒன்றுகூடி நடத்திய கபில்தோ என்னும் சங்கங்களையே சொல்கிறேன். இறந்தவர்களை அடக்கம் செய்வதும், நோயுற்றோரைப் பேணுவதும், பணம் திரட்டி ஒருவரை விடுதலை செய்ய முயல்வதும், விழா நாட்களில் சொந்த முரசுகளோடு ஆடுவதும் அவற்றின் பணிகள். இனக்குழுக்கள் தனித்தனியே இருந்தால் ஒன்றுபட்டுக் கிளர மாட்டார்கள் என்ற கணக்கில் ஆட்சியாளர்கள் இவற்றை அனுமதித்தார்கள். திருச்சபையோ ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு புனிதரைக் காவலராகக் கொடுத்தது. ஆண்டுதோறும் சனவரி 6, மூவரசர் திருநாளன்று, இந்தச் சங்கங்கள் தத்தம் முரசுகளோடும் முகமூடிகளோடும் ஹவானாவின் தெருக்களில் ஊர்வலம் வந்தன. வட அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் அடிமைகளின் முரசுகள் பறிக்கப்பட்டிருந்த அதே காலத்தில், கியூபாவில் அவை சட்டத்தின் இடுக்கில் உயிர் பிழைத்தன. கிதாரும் முரசும் கலந்தன என்று எழுதுபவர்கள், அந்த முரசு கலப்பதற்கு எஞ்சியிருந்தது எப்படி என்பதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்து, ஆப்பிரிக்கா ஒன்றன்று. கியூபாவில் லுக்குமி என்று அழைக்கப்பட்ட யோருபா மக்கள், இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கிலிருந்தும் பெனின் நாட்டிலிருந்தும் வந்தவர்கள். ஓயோ பேரரசு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டுப் போர்களால் நொறுங்கியபோது சிறைப்பிடிக்கப்பட்டோர் அவர்களுள் ஏராளம். அவர்களோடு வந்தவைதான் பாத்தா முரசுகள். மூன்று முரசுகள் கொண்ட குடும்பம் அது: தாயாகிய இயா, நடுவிலுள்ள இத்தோத்தெலே, சிறியதாகிய ஒக்கோங்கோலோ. நடு குறுகி, ஒரு முகம் பெரிதாகவும் மறுமுகம் சிறிதாகவும் அமைந்த இவற்றை மடியில் கிடத்தி இரு கைகளாலும் வாசிப்பார்கள். ஆக மூன்று கலைஞர்கள், ஆறு முகங்கள். ஒக்கோங்கோலோ மாறாத சொற்கட்டைப் பிடித்துக்கொள்ள, இயா கேள்வி எழுப்ப, இத்தோத்தெலே விடை சொல்லும். யோருபா மொழியில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும் என்பதால் முரசும் பேசக்கூடியதாகவே அங்கே வளர்ந்தது. அந்தப் பேச்சின் சாயல் கியூபாவிலும் தங்கியிருக்கிறது. முறைப்படி தீக்கை பெற்ற முரசுகளைத் தீக்கை பெற்றவர்களே தொடலாம். வழிபாட்டில் முதல் தாளம் வழிகளைத் திறக்கும் எலெக்வாவுக்கு. பிறகு ஒவ்வொரு தெய்வத்துக்கும் அதற்குரிய சொற்கட்டு வரிசையாக வரும். இடிக்கும் முரசுக்கும் உரிய சங்கோ, புனித பார்பராவின் திருநாளான டிசம்பர் 4 அன்று கொண்டாடப்படுகிறார். கடலுக்கு உரிய எமயா ரெக்லா நகர அன்னையோடும், நன்னீருக்கும் காதலுக்கும் உரிய ஓசுன் எல் கோப்ரே மாதாவோடும் இணைத்து வணங்கப்படுகிறார்கள். இந்தத் தெய்வங்களின் பெயர்களை நடனக் கூடங்களுக்கென எழுதப்பட்ட எண்ணற்ற கியூபப் பாடல்களிலும் கேட்கலாம். அவற்றை வெறும் ஒலியழகாக எண்ணிக் கடந்துபோகிறவர்கள் பாட்டின் பாதியை இழக்கிறார்கள்.

காங்கோ ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த பாந்து மொழியினரின் பங்கு வேறு வகையானது; என் மதிப்பீட்டில் அது போதிய அளவு பேசப்படுவதில்லை. உலகம் இன்று கோங்கா என்று அறியும் உயரமான முரசு, கியூபாவில் தும்பதோரா, அவர்களுடைய முரசு மரபிலிருந்து உருவானது. மரப்பெட்டியின் மேல் உலோக நாக்குகளைப் பொருத்தி விரலால் மீட்டும் மரிம்புலா, ஆப்பிரிக்காவில் கைக்குள் அடங்கும் கருவியாக இருந்து, கியூபாவில் ஒருவர் அமர்ந்து வாசிக்கும் அளவு பெரிதாகி, இசைக்குழுவின் அடித்தளச் சுரங்களைத் தந்தது. யூக்கா என்னும் காங்கோ ஆட்டத்தின் அசைவுகள் பின்னாளைய ரும்பாவில் தெளிவாகத் தெரிகின்றன. தாகோமி நாட்டிலிருந்து வந்த அராரா மக்களின் முரசுகளும் பாடல்களும் மத்தான்சாஸ் பகுதியில் இன்றும் தனித்து வாழ்கின்றன.

இன்னொரு மரபு, இன்றைய நைஜீரியா, கேமரூன் எல்லையை ஒட்டிய கலபார் பகுதியிலிருந்து வந்தது. அங்கே இருந்த ஆண்களின் மறைச் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு, ஹவானா துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ரெக்லாவில் 1836இல் அபக்குவா என்னும் சகோதர சங்கம் நிறுவப்பட்டது. துறைமுகத் தொழிலாளர்களிடையே அது ஆழமாக வேரூன்றியது. 1863இல் அந்திரேஸ் பெத்தித் என்பவரின் முயற்சியால் வெள்ளையர்களைக் கொண்ட ஒரு கிளையும் அதில் தோன்றியது. அடிமை முறை நடப்பில் இருந்த ஒரு நாட்டில், ஆப்பிரிக்கச் சங்கம் ஒன்று தன் மறைமொழியையும் முரசையும் வெள்ளையருக்குக் கற்பித்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கலப்பு எனும்போது ஐரோப்பியப் பண்பாடு மற்றவர்களை உள்வாங்கியதாகவே பலரும் கற்பனை செய்கிறார்கள். இங்கே ஆப்பிரிக்கப் பண்பாடு ஐரோப்பிய வழித்தோன்றல்களை உள்வாங்கியது.

ரும்பா இந்த மக்களின் சந்திப்பில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மத்தான்சாஸ், ஹவானா துறைமுகங்களை ஒட்டிய ஏழைகளின் கூட்டுக் குடியிருப்பு முற்றங்களில், முரசு கிடைக்காத இடத்தில் கருவாட்டுப் பெட்டியையும் மெழுகுவத்திப் பெட்டியையும் தட்டி அதை ஆக்கினார்கள். முதியவர்களின் நடையில் மெதுவாக ஆடும் யம்பூ, ஆணும் பெண்ணும் துரத்தியும் விலகியும் ஆடும் குவாகுவாங்கோ, ஆண்கள் தனித்தனியே முரசோடு போட்டியிட்டு ஆடும் கொலும்பியா என அது மூவகைப்படும். கொலும்பியாவின் அசைவுகளில் அபக்குவா முகமூடி ஆட்டத்தின் சாயலைக் காணலாம். ரும்பாவின் தொடக்க ஆலாபனையில் ஸ்பானியப் பாட்டின் சாயலும் உண்டு. யுனெஸ்கோ 2016இல் ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. தங்கள் கட்டுரையில் ரும்பா என்று விவரிக்கப்பட்ட சோடி நடனமோ வேறு. மொய்செஸ் சிமோன்ஸ் இயற்றிய வேர்க்கடலை விற்பவனின் பாட்டு 1930இல் நியூயார்க்கில் பெரும் வெற்றி பெற்றபோது, அதையொட்டி வந்த கியூப இசை அனைத்துக்கும் அங்குள்ள இசைத்தட்டு வணிகர்கள் ஒட்டிய பொதுப்பெயரிலிருந்து அது வளர்ந்தது. முற்றத்து ரும்பாவுக்கும் அதற்கும் உறவு மிகவும் தூரம்.

ரும்பாவிலும் பிற வகைகளிலும் எல்லாவற்றையும் கட்டி நிறுத்துவது கிளாவே. கடினமான இரண்டு மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து அடிகள்: தாளச் சுற்றின் ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. பாடகரும் முரசுக் கலைஞரும் ஆடுபவரும் அந்த ஐந்து அடிகளுக்குப் பொருந்தியே நடக்க வேண்டும். குச்சிகளை யாரும் தட்டாதபோதும் அந்தக் கணக்கு எல்லோர் உள்ளத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய வழிகாட்டி அடிகள் மேற்கு, நடு ஆப்பிரிக்க இசையெங்கும் உண்டு. அங்கே பெரும்பாலும் உலோக மணியில் தட்டப்படுவது கியூபாவில் மரத்துக்கு மாறியது. ஹவானாவின் கப்பல் கட்டும் தளங்களில் பலகைகளைப் பிணைக்கப் பயன்பட்ட கடினமான மரமுளைகளே இந்தக் குச்சிகளாயின என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

ஸ்பெயினின் பக்கத்தையும் இதே நேர்மையோடு பார்க்க வேண்டும். அங்கிருந்து வந்தது கிதார் மட்டும் அன்று. ஒரு யாப்பும் வந்தது. எட்டசை கொண்ட பத்து அடிகளால் ஆன தெசிமா என்னும் பாவகையை ஸ்பானியக் கவிஞர் விசெந்தே எஸ்பினெல் 1591இல் வெளியிட்ட நூல் நிலைபெறச் செய்தது. ஸ்பெயினின் ஏட்டிலக்கியத்தில் அது பின்னர் மங்கினாலும், கேனரித் தீவுகளிலிருந்தும் அந்தலூசியாவிலிருந்தும் கியூபாவில் குடியேறிப் புகையிலை பயிரிட்ட உழவர்களின் நாவில் தங்கிவிட்டது. அவர்களின் வழித்தோன்றல்கள் லவூத் என்னும் நரம்புக் கருவியின் துணையோடு இன்றும் பாடும் புந்தோவில், புலவர் இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் பாடி முடித்ததும் மற்றவர் அதே பொருளை மறுத்து அந்த நொடியிலேயே பத்தடி புனைந்து பாட வேண்டும். ஈற்றடியை அவையினர் கொடுக்க, மற்ற ஒன்பது அடிகளையும் எதுகை தவறாமல் கட்டி அதில் கொண்டுபோய்ச் சேர்க்கும் போட்டியும் உண்டு. எழுத்தறிவு குறைந்த உழவர்களிடையே இத்தனை கடினமான யாப்பு நூற்றாண்டுகள் வாழ்ந்திருப்பது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. ஆனால் தங்கள் கட்டுரையில் ஸ்பெயினுக்கு ஒரு கருவியின் பெயர் மட்டுமே கிடைத்தது. யுனெஸ்கோ 2017இல் பட்டியலிட்ட இந்தப் புந்தோவை ஒதுக்கிவிட்டால், கியூபப் பாடலாசிரியர்களின் சொல்வளம் எங்கிருந்து வந்தது என்பதே புரியாது. உலகெங்கும் தெரிந்த குவாந்தனமேரா மெட்டை முதலில் பரப்பிய ஹோசெயித்தோ பெர்நாந்தெஸ், வானொலியில் நாட்டு நடப்பைத் தெசிமாவில்தான் பாடினார். நாம் இன்று கேட்கும் வடிவத்தில் உள்ளவை கியூப விடுதலைத் தலைவரும் கவிஞருமான ஹோசே மார்த்தி 1891இல் வெளியிட்ட எளிய கவிதைகளின் நாலடிகள்.

மூன்றாவது ஒரு வழியை அக்கட்டுரை அறவே விட்டுவிட்டது. ஹைத்திப் புரட்சியின்போது பல்லாயிரம் பிரெஞ்சுக்காரர்களும், அவர்களால் அடிமைப்படுத்தப்பட்டோரும், விடுதலை பெற்ற கலப்பினத்தவரும் கியூபாவின் கிழக்குக் கரையில், சாந்தியாகோவிலும் குவாந்தானமோவிலும் கரையேறினார்கள். 1809இல் நெப்போலியனின் படையெடுப்பால் ஸ்பெயின் சினமுற்றுப் பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றியபோது பலர் நியூ ஓர்லியன்சுக்குப் போனார்கள். எஞ்சியோரின் மரபு தும்பா பிரான்செசா என்ற பெயரில் நின்றது. அதில் ஆடுவோர் பிரெஞ்சு மாளிகைகளின் வணக்க அசைவுகளைச் செய்ய, அருகிலேயே ஆப்பிரிக்க முரசுகள் முழங்கும். யுனெஸ்கோ 2003லேயே அதைச் சிறப்பித்தது. ஐரோப்பிய மண்டபங்களின் கோந்திரதான்சா நடனமும், ஐந்து அடிகள் கொண்ட ஒரு கரீபியத் தாளக்கட்டும் கியூபாவில் கலந்து படிப்படியாக மாறியதன் விளைவே தான்சோன். மிகேல் பைல்தே என்ற கறுப்பினக் கொம்பிசைக் கலைஞர் 1879 சனவரி 1 அன்று மத்தான்சாஸ் நகரின் மனமகிழ் மன்றத்தில் தம் குழுவோடு வாசித்ததையே அதன் பிறப்பாகக் கொள்கிறார்கள். ஆப்பிரிக்க ஆபாசம் என்று அன்றைய இதழ்கள் அதைத் தூற்றின; பின்னாளில் அது நாட்டின் நடனமாகப் போற்றப்பட்டது. 1938இல் அர்காஞ்ஞோ என்ற குழலிசைக் கலைஞரின் குழுவில் ஒரெஸ்தெஸ், இஸ்ரயேல் லோபெஸ் சகோதரர்கள் தான்சோனின் இறுதிப் பகுதியைத் தளர்த்தித் திறந்ததிலிருந்து மாம்போவும், அதே குழுவில் வயலின் வாசித்த என்ரிக்கே ஹொர்ரின் 1950களின் தொடக்கத்தில் செய்த மாற்றத்திலிருந்து சாச்சாச்சாவும் பிறந்தன. ஒரு நடனத்தின் கடைசிப் பகுதி அடுத்த நடனத்தின் முதற்கருவாக ஆகிக்கொண்டே போன வரலாறு இது.

எல்லா வழிகளும் கூடும் இடம் சோன் என்னும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை வகை. குவாந்தானமோ மலைப்புறத்துச் சங்குயி என்னும் உழவர் விருந்திசையில் அதன் முந்தைய உருவைக் கேட்கலாம். மூன்று இரட்டைத் தந்திகள் கொண்ட த்ரெஸ், மரிம்புலா, போங்கோ என்னும் இரட்டைச் சிறுமுரசு, மராக்காஸ் என்னும் கிலுகிலுப்பைகள் ஆகியவை போதும். இரவு விடியும் வரை ஆட்டம் நடக்கும். த்ரெஸ் வடிவத்தில் ஸ்பெயினைச் சேர்ந்தது. ஆனால் அதை வாசிக்கும் முறை, ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப மீட்டி மற்றவற்றோடு பின்னும் முறை, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. சோன் பாடலின் முதற்பகுதியில் ஒருவர் கதைபோல் பாட்டை நடத்துவார். மொந்துனோ எனப்படும் பிற்பகுதியில் முதற்குரல் புதிது புதிதாக எழுப்ப, கூட்டுக் குரல் மாறாத வரியால் விடை தரும். முதற்பகுதியில் ஸ்பானியக் காதற்பாட்டும் தெசிமாவும், பிற்பகுதியில் ஆப்பிரிக்க வழிபாட்டின் கேள்வி விடைப் பாட்டும் நிற்க, இரண்டும் ஒரே பாட்டாக நடப்பதே சோனின் கட்டமைப்பு. முரசு மட்டுமே ஆப்பிரிக்காவின் கொடை என்பவர்கள் இந்தப் பாடல் வடிவத்தை ஒருமுறை கவனித்துக் கேட்க வேண்டும்.

1909ஐ ஒட்டிய ஆண்டுகளில் படைவீரர்களின் இடமாற்றங்களோடு சோன் ஹவானாவை அடைந்தது என்பர். நகரத்து மேட்டுக்குடியினர் முகம் சுளித்தார்கள்; போங்கோவைக் காவலர்கள் பறிமுதல் செய்த காலமும் இருந்தது. ஆயினும் 1920இல் அமைந்த செக்ஸ்தெத்தோ அபனேரோவும், 1927இல் இஞ்ஞாசியோ பிஞ்ஞெய்ரோ நிறுவிய செக்ஸ்தெத்தோ நசியோனலும் இசைத்தட்டுகளின் வழியே அதை நாடு முழுதுக்கும் உரியதாக்கின. பிஞ்ஞெய்ரோ ரும்பாக் குழுக்களிலும் அபக்குவா சங்கத்திலும் வளர்ந்தவர் என்பது தற்செயலன்று. சிறுவயதில் பார்வையை இழந்த த்ரெஸ் கலைஞர் அர்செனியோ ரொத்ரிகெஸ், அடிமைகளாக வந்த காங்கோ மக்களின் வழித்தோன்றல். 1940களில் அவர் தும்பதோராவையும் பியானோவையும் கூடுதல் ஊதுகொம்புகளையும் சோனுக்குள் கொண்டுவந்தார். பின்னாளில் நியூயார்க்கில் சல்சா என்று விற்பனைக்கு வந்ததன் எலும்புக்கூடு பெரும்பாலும் அவர் அமைத்ததே. தங்கள் கட்டுரையில் சல்சாவுக்கு மூன்று பத்திகள் இருந்தன. அர்செனியோவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

சீனாவையும் சொல்லாமல் விட முடியாது. 1847க்கும் 1874க்கும் இடையே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் ஊதுகருவி, நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் இனத்தைச் சேர்ந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தியாகோ நகரத்து சூலை மாதத் திருவிழா ஊர்வலங்களில் நுழைந்தது. இன்று அந்தக் கூரிய ஒலி இல்லாமல் சாந்தியாகோவில் கோங்கா என்றே அழைக்கப்படும் முரசு ஊர்வலம் இல்லை. அதை ஊதுபவர்களில் மிகப் பலர் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள்.

தீவின் முதற்குடிகளாகிய தைனோ மக்களின் பாட்டும் ஆட்டமும் கூடிய அரெய்த்தோ என்னும் நிகழ்வை ஸ்பானியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். படையெடுப்பும் கொத்தடிமையும் நோயும் அந்த மக்களைச் சில பத்தாண்டுகளில் நொறுக்கிவிட்டதால், அவர்களுடைய இசை தொடர்ந்து வந்தது என்று உறுதிகூற இடமில்லை. மராக்காசை அவர்களோடு இணைத்துப் பேசும் வழக்கத்தை மதிக்கிறேன். அதற்கு மேல் அழகுக்காகக் கற்பனையை வளர்ப்பது அழிந்த மக்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

கலப்பு எளிதாகவும் இன்பமாகவும் நடந்தது என்ற தொனியையும் நான் ஏற்கவில்லை. 1812இல், ஹவானாவில் கபில்தோக்களோடு தொடர்புடைய ஹோசே அந்தோனியோ அபோந்தே என்ற விடுதலை பெற்ற கறுப்பினத் தச்சர், அடிமை முறைக்கு எதிரான சதிக்குத் தலைமை தாங்கியதாகத் தூக்கிலிடப்பட்டார். நாடு விடுதலை பெற்ற பிறகு 1912இல் கறுப்பினத்தவரின் அரசியல் கட்சி படைகொண்டு நசுக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதையடுத்த ஆண்டுகளில் திருவிழா முரசுக் குழுக்கள் ஹவானாவின் தெருக்களிலிருந்து விரட்டப்பட்டு, 1937இல்தான் மீண்டும் அனுமதி பெற்றன. அறிஞர்களும் இந்தக் குற்றத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். பெர்நாந்தோ ஓர்த்திஸ் 1906இல் வெளியிட்ட நூல் ஆப்பிரிக்க வழிபாட்டைக் குற்றவியலின் பார்வையில் அணுகியது. அதே மனிதர் பிறகு முரசுக் கலைஞர்களிடம் போய் அமர்ந்து கேட்டார். 1930களில் பாத்தா முரசுகளைப் பொது அரங்கில் முதன்முறையாக ஒலிக்கச் செய்தார். ஒரு பண்பாடு மற்றொன்றில் வெறுமனே கரைவதில்லை, இரண்டும் இழந்தும் பெற்றும் புதிதாக ஒன்றை ஈனுகின்றன என்று 1940இல் புகையிலையையும் சர்க்கரையையும் பற்றிய தம் நூலில் எழுதினார். அந்த மனமாற்றத்துக்குக் காரணமான ஆசிரியர்கள் முரசுக் கலைஞர்களே. 1930இல் நிகொலாஸ் கியேன் சோனின் வடிவத்தில் கவிதைகள் வெளியிட்டதும், அமதேயோ ரொல்தான், அலெகாந்த்ரோ கார்சியா கதுர்லா ஆகியோர் கச்சேரி மேடைக்கான இசையில் இந்தத் தாளங்களை எழுதியதும் அதே விழிப்பின் விளைவுகள்.

1959இல் ஆட்சிக்கு வந்த புரட்சி அரசு 1962இல் தேசிய நாட்டார் கலைக்குழுவை நிறுவி, வழிபாட்டு ஆட்டங்களை மேடையில் மதிப்போடு வைத்தது. அது பெரிய பணி. ஆனால் அதே அரசின் ஆளும் கட்சியில் 1991 வரை சமய நம்பிக்கையாளர்கள் உறுப்பினராக முடியவில்லை. மேடையில் சங்கோவின் ஆட்டத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. வீட்டில் சங்கோவை வணங்கியவர் அதை வெளியே சொல்லத் தயங்கினார். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் கலைஞர்கள் எதைத் தாங்கி நின்றார்கள் என்பது வாசகருக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியும் போனது. 1930கள் முதல் கியூபச் சோன் இசைத்தட்டுகள் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள நகரங்களுக்குச் சென்றன. அங்கிருந்த இளைஞர்கள் அந்தத் தாளங்களைத் தங்களுடையவை என்று அடையாளம் கண்டு, லிங்காலா மொழியில் பாடி, த்ரெசின் பின்னலை மின்கிதாருக்கு மாற்றினார்கள். அந்தக் காங்கோ ரும்பாவையும் யுனெஸ்கோ 2021இல் பட்டியலிட்டது. 1947இல் கியூப முரசுக் கலைஞர் சானோ போசோ தம் தும்பதோராவோடும் அபக்குவாப் பாடல்களோடும் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோதும், கடல் கடந்து பிரிந்த உறவுகள் நியூயார்க்கில் சந்தித்தன என்றே நான் கருதுகிறேன்.

ஆசிரியர் அவர்களே, 1996இல் ஹவானாவில் பதிவான புவேனா விஸ்தா இசைத்தொகுப்பிலிருந்தே கியூப இசையைத் தொடங்குவது இதழ்களின் பழக்கமாகிவிட்டது. அதில் பங்கேற்ற முதிய கலைஞர்களான கொம்பாய் செகுந்தோவும் ரூபென் கொன்சாலெசும் எனக்கும் நெருக்கமானவர்கள். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மறக்கப்பட்டுக் கிடந்து மீட்கப்பட்டார்கள் என்ற கதை, அவர்களுக்குப் பின்னால் ஓயாமல் நடந்துகொண்டிருந்த மரபை வாசகர் கண்ணிலிருந்து மறைக்கிறது. அடுத்த முறை இப்பொருளில் கட்டுரை வெளியிடும்போது, ஹவானாவோடு மத்தான்சாஸ், சாந்தியாகோ, குவாந்தானமோ ஆகிய ஊர்களுக்கும், பாடகர்களோடு முரசுக் கலைஞர்களுக்கும் இடம் தாருங்கள். வாசகர்களுக்குக் கேட்கப் பரிந்துரைப்பதானால், 1952 முதல் மத்தான்சாஸ் நகரில் இயங்கும் லோஸ் முஞ்ஞெகித்தோஸ் குழுவின் ரும்பாப் பதிவுகள், 1920களின் செக்ஸ்தெத்தோ அபனேரோ பதிவுகள், லாசரோ ரோஸ் பாடிய லுக்குமி வழிபாட்டுப் பாடல்கள், அர்செனியோ ரொத்ரிகெசின் 1940களின் பதிவுகள் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே குறிப்பிடுங்கள். இவை இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்